கொஞ்சம் குளிரா இருக்கு

என் அக்கா புருஷனைப் பற்றி இப்போது எல்லாரும் ஒரு கதை சொல்கிறார்கள். ஒரு புதுப் பாடகி முன்னுக்கு வரவேண்டும் என்பதற்காக, நிறைந்த சபையில் வேண்டுமென்றே தன் பாட்டைத் தானே கெடுத்துக்கொண்டாராம். பெரிய மனசாம். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு அவர் பக்கத்தில் கீபோர்டு வாசித்தவன் நான். நடந்தது எனக்குத் தெரியும்.

அவருடைய பட்டப்பெயர் ஒன்ஸ்மோர். ரசிகர்கள் வைத்தது என்று சொல்லிக்கொள்வார். சும்மா. வைத்தவன் எங்கள் டிரம்ஸ்காரன். ஒரு கச்சேரியில் யாருமே வாயைத் திறக்காதபோது, "என்னது, இன்னொரு தடவையா? சரி, உங்க ஆசைய கெடுப்பானேன்" என்று அதே பாட்டை மறுபடி பாடிய மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அந்தப் பாட்டு, 'மீதிச் சில்லறைக்குச் சிரிப்பத் தந்தவளே'. கடைக்காரி சில்லறை இல்லாமல் சிரித்துவிடுகிறாள், விஷயம் அவ்வளவுதான். ஆனால் 'தந்தவளே'யில் வருகிற அந்த 'ஏ' இருக்கிறதே, அது ஏறி ஏறி உச்சியில் போய் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பஸ்ஸில், சலூனில், கல்லூரி விழாவில், கல்யாண வீட்டில் என்று இரண்டு வருடம் அந்தப் பாட்டு யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. என் அக்கா மட்டும் மயங்கவில்லை. "பாட்டு சுமார்தான். ஆளு ஒரு எடத்துல நிக்காம துறுதுறுன்னு இருந்தாரு, அதான் கட்டிக்கிட்டேன். இப்ப அதுவே தலவலி" என்பாள்.

உண்மைதான். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்து போன் பேசுவார். பேசிக்கொண்டே செருப்பை மாட்டுவார். மாட்டிய பிறகுதான் எங்கே போவது என்று யோசிப்பார். தப்பித்தவறி உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். "நாற்காலி என்ன கடிக்கவா போகுது?" என்று அக்கா கத்துவது எங்கள் வீட்டுக் கடிகாரச் சத்தம் மாதிரி.

அடுத்து வந்த இரண்டு ஆல்பங்களும் வந்த சுவடு தெரியாமல் போயின. மேடைக்குக் கூப்பிடுவது குறைந்தது. கூப்பிட்ட இடத்திலும் மைக் கரகரக்கும், போஸ்டரில் படம் கோணலாக இருக்கும். "என்னய்யா நடத்துறீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் மல்லுக்கு நின்று, கடைசியில் தானே நடத்த இறங்கிவிட்டார். அந்த வேலை அவருக்கு அப்படியே பொருந்தியது. நாள் முழுக்க நடக்கலாம், நாள் முழுக்கச் சண்டை போடலாம். ஹால் பிடிப்பார், போஸ்டர் ஒட்டுபவர்களோடு கூடவே போவார், கடைசி வரிசைச் சுவர் ஓரம் நின்று சத்தம் எதிரொலிக்கிறதா என்று கைதட்டிப் பார்ப்பார். புதுக் குரல்களைத் தேடிப் பிடித்து வந்து மேடை ஏற்றினார். அதில் அவர் காது தப்பு செய்ததே இல்லை.

தப்பு செய்தது கால்தான். புதுப் பாடகன் பாடிக்கொண்டிருப்பான். இவர் "வாழ்த்திட்டு வந்துடறேன்" என்று மேடை ஏறுவார். கூட்டம் சில்லறையைக் கேட்கும். பாடுவார். அப்புறம் ஒன்ஸ்மோர். வீட்டுக்குப் போகும் ஜனங்களுக்குப் புதுப் பாடகன் முகம்கூட ஞாபகம் இருக்காது. இப்படி இரண்டு பேர் அவரை விட்டுப் போனார்கள். இரண்டாமவன் போகும்போது, "உங்களுக்கு முன்னாடி பாட ஆள் வேணும்னா நேராவே கேட்டிருக்கலாம் சார்" என்றான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயது போகப்போக அந்த 'ஏ' எட்டவில்லை. கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கினால் மொத்தச் சுருதியும் ஒரு படி இறங்கும். முதல் தடவை மேடை ஏறும்போது என் காதருகே குனிந்து, "இன்னிக்கு கொஞ்சம் குளிரா இருக்கு மாப்ள, பாத்து வாசி" என்றார். நல்ல வெயில் காலம். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. புரிந்துகொண்டு ஒரு படி இறக்கினேன். அதிலிருந்து எங்களுக்குள் அதுதான் பேச்சு. சில வருடங்களில் நாலு படி இறங்கிவிட்டோம். 'சுருதி' என்ற வார்த்தையை இருவருமே எடுத்ததில்லை.

பிறகு அந்தப் பெண் வந்தாள். பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற பெண். பல்வலியோடு போனவர், அவள் மேஜையைத் துடைத்துக்கொண்டே தனக்குள் பாடியதைக் கேட்டுவிட்டு, பல்லைக் காட்டாமலேயே திரும்பி வந்துவிட்டார். பாட்டெல்லாம் அவளே எழுதியது. பேச்சில் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு.

"ரெண்டு பேர் ஏன் போனாங்கன்னு விசாரிச்சுட்டேன் சார். நான் பாடற அன்னிக்கு நீங்க மேடை ஏறக்கூடாது. ஏறினா அதோட நான் டோக்கன் குடுக்கவே போயிடுவேன்."

"சத்தியமா ஏற மாட்டேன்மா."

அக்கா பக்கத்தில் நின்று, "சத்தியம் உங்க வாய் பண்ணுது. கால் பண்ணட்டும்" என்றாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "இவளும் போயிட்டான்னா இனி ஒருத்தரும் இவர நம்பி வர மாட்டாங்கடா" என்றாள். எனக்கும் அதே பயம்தான். அந்தத் தொழிலையும் பிடுங்கிவிட்டால் அந்த மனிதர் எங்கே நடப்பார்?

நிகழ்ச்சி அன்று அவர் மேடை ஏறவில்லை. கூட்டம் உள்ளே வருவதற்கு முன்னால் மைக் டெஸ்ட் செய்ய மட்டும் ஏறினார். எல்லாரும் "ஹலோ ஹலோ" என்பார்கள். இவர் வாயில் ஹலோ வராது. இத்தனை வருடமாக எந்த மைக்கைப் பிடித்தாலும் 'மீதிச் சில்லறைக்கு'தான். சின்னதாக ஒரு வரி பாடிவிட்டு இறங்கிவிட்டார். வாசலில் இருந்த ஸ்பீக்கரும் அப்போது உயிரோடு இருந்ததை சவுண்டுக்காரரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. வெளியே வரிசையில் நின்றவர்கள் கேட்டுவிட்டார்கள்.

அவள் முதல் பாட்டை ஆரம்பித்ததுமே, "சில்லறை! சில்லறை!" என்று பின்னாலிருந்து குரல். இரண்டாவது பாட்டில் பாதி ஹால் கத்தியது. அவர் திரைக்குப் பின்னால் கூண்டுக்குள் விட்ட மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். ஆனால் ஏறவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். அவள்தான் பாட்டை நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது, கோபத்தில்.

"வாங்க சார். வந்து முடிச்சுட்டுப் போங்க" என்று மைக்கிலேயே சொன்னாள்.

போனார். கைதட்டலில் ஹால் அதிர்ந்தது. நான் வழக்கம்போல நாலு படி இறக்கி வைத்தேன். அவர் என் பக்கம் குனிந்தார்.

"இன்னிக்கு குளிரே இல்ல மாப்ள. கேசட்ல இருக்கற மாதிரியே வாசி."

"மச்சான், வேணாம்..."

"வாசிடா."

சுருதியைப் பழைய இடத்துக்கு ஏற்றினேன். நன்றாகத்தான் தொடங்கினார். 'தந்தவளே' வந்தது. குரல் ஏறியது, இன்னும் ஏறியது, உச்சிக்குக் கொஞ்சம் கீழே கிழிந்து வெறும் காற்றாகப் போய்விட்டது. எங்கோ ஒருவன் சிரித்தான்.

அவரும் சிரித்தார். "அவ்ளோதாங்க. கடையில சரக்கு தீந்துடுச்சு. இனிமே இவங்க கடை. உக்காந்து கேளுங்க." மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்து ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதற்கப்புறம் அவள் பாடிய ஐந்து பாட்டுக்கும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான்காவது பாட்டுக்கு அவர்களே ஒன்ஸ்மோர் கேட்டார்கள்.

முடிந்த பிறகு அவள் அவர் காலைத் தொட்டாள். பத்திரிகைக்காரர் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "என்ன மனசு சார் உங்களுக்கு!" என்றார். எல்லாரும் போனார்கள். நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டு வந்தபோது, முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"நான் வேணும்னே பண்ணேன்னு எல்லாரும் சொல்றாங்க மாப்ள."

"ம்."

"எட்டும்னுதான்டா பாடினேன். நெஜமா எட்டும்னு நெனச்சேன்."

"தெரியும் மச்சான்."

எனக்கு அப்போதே தெரியும். உச்சிக்குப் போகுமுன் அவருக்கு வலது குதிகால் தரையை விட்டு எழும்பும். வேண்டுமென்றே கோட்டைவிடப் போகிறவனுக்குக் குதிகால் எழும்பாது. அன்றைக்கு எழும்பியது. அதைப் பார்த்துவிட்டு, எட்டிவிட வேண்டுமே என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வாசித்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி அந்த நொடியில் எனக்கு நினைப்பே இல்லை. அதனால்தான் மனசு, தியாகம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிகிறது. ஒரு மனிதர் இருந்ததையெல்லாம் திரட்டி முயற்சி செய்து பார்த்தார், முடியவில்லை. அழுகை வருகிற இடம் அது. இவர்கள் என்னவோ மாலை போடுகிறார்கள்.

அக்கா சாவிக்கொத்தோடு வந்து, "ஹாலைப் பூட்டணுமாம். கெளம்பலாமா?" என்றாள்.

"கொஞ்ச நேரம் இரேன்" என்றார் அவர். "இங்க என்னவோ குளிரா இருக்கு."

அக்கா அவர் காலைப் பார்த்தாள். அது ஆடவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வயர் கட்டைக் கீழே வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன்.