என் கையில் கொடுத்த பூசணிக்காய்

என் மனைவியோட தங்கச்சி வீட்டுக்காரர், அதாவது என் சகலை, போன தை மாசம் ஒரு சொகுசு எஸ்யூவி வாங்கினார். மூணு வருஷம் ஓடின வண்டிதான், ஆனா புதுசு மாதிரி மின்னுச்சு. நான் இன்னும் வேங்கிக்கால் ஆபீசுக்கு ஸ்கூட்டர்ல போறவன். வயிறு எரிஞ்சுது.

எங்க ஊர் கோயில் ராஜகோபுரத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி பூஜை போட்டாங்க. எல்லாரும் மாலை கட்டிட்டு இருந்தாங்க. நான் மட்டும் வண்டியைச் சுத்தி வந்து கீறல் தேடினேன். பின்கதவுக்குக் கீழே ஒண்ணு கிடைச்சதும்தான் மனசு ஆறுச்சு. "டீசலும் ஜாஸ்தி குடிக்கும்"னு மனைவி காதுல சொன்னேன். அவ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல.

அப்போ சகலை, கற்பூரம் ஏத்தின பூசணிக்காயை என் கையில கொடுத்தார். "நீங்களே சுத்திப் போடுங்க, சகல. நாம நல்லா இருக்கணும்னு நினைக்கிறவங்கதான் திருஷ்டி கழிக்கணும்."

வண்டிக்கு முன்னால நின்னு சுத்த ஆரம்பிச்சேன். "ஊரு கண்ணு, உறவு கண்ணு..." அதுக்கு மேல சொல்லாம காயை மட்டும் சுத்தினேன். நான் சாமியை வேண்டிக்கிறேன்னு நினைச்சு எல்லாரும் கைகூப்பி நின்னாங்க.

ஓங்கி உடைச்சேன். உள்ளே இருந்த குங்குமம் என் சட்டை மேலயே தெறிச்சுது.

பொறாமை அன்னைக்கோட போயிடுச்சுன்னு சொன்னா பொய். அந்த வண்டி எங்க தெருவுல திரும்பினா இப்பவும் வயிறு எரியுது. ஆனா கீறல் தேடறதில்ல.