'பேஜாரா கீது' என்றால் போரடிக்கிறது இல்லை

போன வருடம் மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவொற்றியூரில் ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டரில் நடந்தது இது. அப்போது நான் ராயபுரத்தில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறுகளில் மட்டும் ஏதாவது வேலை பார்க்கலாம் என்று தேடியதில், ஒரே வாரத்தில் இரண்டு கிடைத்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை! ஒன்று, ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன். ஏ.சி. அறை, சுழல் நாற்காலி. இன்னொன்று, இந்த டயாலிசிஸ் சென்டரில் நர்சுக்கு உதவியாள். நோயாளிகளுக்கு எடை பார்ப்பது, படுக்க வைப்பது, விரிப்பு மாற்றுவது, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது. "ஜம்முனு குந்திகினு பாக்குற வேலைய வுட்டுட்டு, உனுக்கு இன்னாத்துக்குடி இந்த ரோதன?" என்றார் அம்மா. ஸ்கேன் சென்டரில் அந்த ஞாயிறு மாலைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். அதற்குள் இங்கே ஒரு நாள் வேலை செய்து பார்த்துவிடுவது என்று விடிந்ததும் வியாசர்பாடி வீட்டிலிருந்து கிளம்பிவிட்டேன்.

அன்று டீசன்ட்டாகத்தான் பேச வேண்டும் என்று எனக்கு நானே உத்தரவு போட்டிருந்தேன். கல்லூரியில் சேர்ந்த புதிதில் நான் 'வூடு' என்று சொன்னதற்கு வகுப்பே சிரித்தது. அதிலிருந்து வெளியே வந்தால் செய்தி வாசிப்பவர் மாதிரிதான் பேசுவேன். பொறுப்பில் இருந்த சிஸ்டர் வேறு திருநெல்வேலிப் பக்கம். சென்னைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் முன்னால் என் மானம் போகக் கூடாது!

மூன்றாவது கட்டிலில் ஒரு பெரியவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மெஷின் ஓடத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, பேஜாரா கீதும்மா" என்றார்.

எதிர்க் கட்டிலில் இன்னொருவருக்கு ஊசி பொருத்திக்கொண்டிருந்த சிஸ்டர், "என்னம்மா சொல்லுதாரு?" என்று கேட்டார்.

நான் அழகாக மொழிபெயர்த்தேன். "அவருக்குப் போரடிக்கிறதாம், சிஸ்டர்."

"அப்படின்னா டிவியப் போட்டு விடு."

போட்டேன். பழைய பாட்டாகத் தேடிப் போட்டு, சத்தத்தையும் கூட்டினேன். என்ன ஒரு சேவை! திரும்பினால், பெரியவர் டிவி பக்கமே பார்க்கவில்லை. கொட்டாவி மேல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பாட்டு பிடிக்கவில்லை போல என்று மறுபடியும் ரிமோட்டை எடுத்தேன். அப்போதுதான் அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்பதைக் கவனித்தேன். அவ்வளவு ஏ.சி. குளிரில் ஏது வேர்வை?

எங்கள் வீட்டில் எரிச்சலுக்கும் 'பேஜாரு'தான், அலுப்புக்கும் 'பேஜாரு'தான். உடம்பு ஒரு மாதிரி படுத்தினாலும் அதையேதான் சொல்வோம். அப்பா காய்ச்சலில் கிடந்தபோது அதைத்தானே சொன்னார்! அங்கே வேலை செய்தவர்களில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

டீசன்ட் எல்லாம் பறந்தது. "சிஸ்டர், ஓடியாங்க! மூணாவது கட்டில் நைனாவுக்கு ஒடம்பு ஒரு மாதிரி ஆயிகினு கீது! வேர்த்து ஊத்துது!" என்று கத்தினேன்.

சிஸ்டர் பாய்ந்து வந்தார். பிரஷர் மளமளவென்று இறங்கியிருந்தது. தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார், மெஷினில் ஏதோ மாற்றினார், சலைனைத் திறந்துவிட்டார். நான் பெரியவரின் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் முகத்தில் களை வந்தது. கண்ணைத் திறந்தவர், "இன்னா பாப்பா, பேஜாரா கீதுன்னா பாட்டு போட்டு காட்றியே!" என்றார். எல்லாக் கட்டிலிலும் சிரிப்பு. எனக்கு மட்டும் அழுகை.

செய்த தப்பை சிஸ்டரிடம் ஒப்புக்கொண்டேன். வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ, "ஏட்டி, இவங்க பேசுறதுல பாதி எனக்குப் புரிய மாட்டேங்கு. நீயும் மாத்திச் சொன்னா நான் என்ன செய்ய? வேற என்னல்லாம் சொல்லுவாங்க, சொல்லு" என்று பேனாவை எடுத்தார்.

ஆரம்பித்தேன் பாருங்கள்! தலை சுற்றினால் 'கிர்ருங்குது', பயம் வந்தால் 'டர்ராவுது' என்று நான் அடுக்க, படுத்திருந்தவர்களும் ஆளுக்கொன்று எடுத்துக்கொடுக்க, சிஸ்டர் அர்த்தம் கேட்டுக் கேட்டு எழுதினார். ஒரு தாள் நிறைந்து இன்னொரு தாள் எடுத்தார். எந்தப் பேச்சை வெளியில் மறைத்து வைத்திருந்தேனோ, அதை ஒரு நர்ஸ் பாடம் மாதிரி எழுதிக்கொள்கிறார்! எனக்குச் சந்தோஷத்தில் நிலைகொள்ளவில்லை. மாலை வரை காத்திருக்கவே இல்லை. மதியமே ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நாகரிகம் என்று நினைத்து ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னதில் அன்று ஒருவர் உயிரே போயிருக்கும். ஆனால் என் பேச்சை நினைத்து அன்றிலிருந்து நான் ஒரு நாளும் கூசியதில்லை.