பெரிய முதலாளியின் அரைப் பெயர்

எண்பதுகளின் கடைசியில், பாலிடெக்னிக் முடித்த கையோடு, தேனிக்கு வெளியே ஒரு நூற்பு மில்லில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அந்த அறைக்குள் நுழையச் செருப்பைக் கழற்ற வேண்டும். கையைக் கழுவ வேண்டும் என்று மட்டும் சட்டம் இல்லை. மேனேஜர் மிக்சர் தின்ற விரலோடுதான் ஃபிளாப்பியைத் தொடுவார்.

நிரந்தரத் தொழிலாளர் வராத இடத்தில் வேலை பார்க்கும் பதிலித் தொழிலாளர்கள் வேலைக்கு வந்த நாள்களின் எண்ணிக்கை ஒரே ஃபைலில் இருந்தது. மில்லைத் தொடங்கிக் காலமான பெரிய முதலாளியின் பெயரை அதற்கு வைத்தவர் மேனேஜர். எட்டு எழுத்துக்கு மேல் இயந்திரம் ஏற்காததால் பெயர் பாதியில் அறுந்து நின்றது. அது அவரை உறுத்தவில்லை. ஆயுத பூசையன்று அந்த அரைப் பெயரைத் திரையில் வரவழைத்து, கண்ணாடி மேலேயே சந்தனம் வைத்தார். துடைத்தது நான்.

இரண்டு வருடத்தில் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்தவர் நிரந்தரம். அந்த ஜூன் கடைசியோடு, நாள் நிறையாத பதிலிகளை நிறுத்திவிடுவதென்று மில்லில் முடிவு செய்திருந்தார்கள். இரண்டு நாள் பாக்கி இருக்கையில், நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை பார்த்த ஓர் அக்கா தலைமுடியெல்லாம் பஞ்சோடு என் அறை வாசலில் வந்து நின்றார். தேவதானப்பட்டியிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருபவர்.

"எனக்கு ஒம்பது நா குறையுது தாயி. வந்த நாளுக்கெல்லாம் காலண்டர் தாளக் கிழிச்சுக் கம்பியில குத்தி வச்சிருக்கேன். எண்ணிப் பாத்தா நானூத்தி எம்பது. மிஷின்ல எழுவத்தொண்ணுங்கிறாக."

உள்ளேயிருந்து மேனேஜர் குரல் கொடுத்தார். "தாளைத் தூக்கிட்டு வராத ஆத்தா. மிஷின் பொய் சொல்லாது."

மிஷின் பொய் சொல்லாது. அதைத் தொடுகிறவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அக்காவின் காலண்டர் தாள்களை மாதவாரியாக என் அச்சுப்பிரதிகளோடு ஒப்பிட்டேன். குறைந்த ஒன்பதும் மார்ச்சின் முதல் பத்து நாளுக்குள். என் நோட்டைப் புரட்டினேன். பத்தாம் தேதி மாலை, என் கூடப்பிறந்த அக்காவின் கல்யாணத்துக்காக லீவில் போயிருக்கிறேன்.

"நான் இல்லாதப்ப இதுல ஏதாவது செஞ்சீங்களா சார்?"

"பிப்ரவரி லிஸ்டைப் பாக்கணும்னு அந்த மாசக் கடைசி ஃபிளாப்பியைப் போட்டு எறக்குனேன். ஜம்முனு வந்துச்சு."

வந்திருக்கும். பழைய ஃபைல் அதே பெயரில், அதே இடத்தில் இறங்கி, புதிய ஃபைலை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். இறக்கும்போது வேறு பெயர் ஒன்றைக் கொடுத்திருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும். சொன்னேன்.

"பெரியவுக ஃபைலுக்கு வேற பேரா? நல்லாச் சொன்ன போ."

இப்படியாக, ஒரு மனிதரின் பக்தி எல்லாப் பதிலிகளின் பத்து நாள் உழைப்பைத் தின்றிருந்தது. திரும்பி வந்த பிறகு மொத்தத்தைச் சரிபார்க்காதது என் தவறு. அதையும் நோட்டில் எழுதினேன்.

லீவுக்குக் கிளம்பிய மாலை எனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். அதை 'மார்ச்பத்து' என்று பெயர் கொடுத்து இறக்கினேன். இப்போதைய ஃபைல் அலுங்காமல் இருந்தது. அக்காவின் ஒன்பது நாளும் அங்கே இருந்தன. அச்செடுத்துக் கொண்டுபோனேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஃபைலின் பெயர் தானாக விழும். மேனேஜர் அதைத்தான் முதலில் படித்தார். அதை மட்டும்தான் படித்தார்.

"இது யாரு ஃபைலு? நம்ம ஃபைலு இல்லையேம்மா."

ஒன்று, இது நம் ஃபைலின் பிரதி. இரண்டு, பெயர் வேறானாலும் உள்ளே இருக்கும் எண்கள் மாறாது. மூன்று, உங்கள் கையெழுத்து இருந்தால் விட்டுப்போன நாள்களைச் சேர்த்துவிடலாம். மூன்றாவதைச் சொல்லும்போது அவர் காது குடைந்துகொண்டிருந்தார்.

"ஊர் பேர் தெரியாத ஃபைலுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

என் அறைக்குத் திரும்பினேன். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்க முடியாது. வேறு இடத்தில் இருக்கலாம். தனியாக ஒரு டைரக்டரி திறந்து, அதே ஃபிளாப்பியிலிருந்து அதே ஃபைலை, இந்த முறை பெரிய முதலாளியின் அரைப் பெயரிலேயே இறக்கினேன். அச்செடுத்தேன். எண்ணில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

மேனேஜர் தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இப்பிடியில்ல கொண்டாந்திருக்கணும்!" என்று கையெழுத்துப் போட்டார். எண்களின் பக்கம் அவர் கண் போகவே இல்லை. அக்காவுக்குத் தொள்ளாயிரம் நாள் என்று போட்டிருந்தாலும் ஒற்றிக்கொண்டிருப்பார். அன்று மாலைக்குள் எல்லாப் பதிலிகளுக்கும் விட்டுப்போன நாள்களைச் சேர்த்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்த அக்காவிடம் நடந்ததைச் சொல்லி நானூற்றெண்பதைக் காட்டினேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். விரலை வைத்து எண்ணைப் பார்த்தார். பிறகு உள்ளே எட்டி மேனேஜரைப் பார்த்தார்.

"இதுல எனக்கு ஒரு தாள் குடு தாயி. கம்பியில குத்திக்கிறேன். அவுக மறுபடி எதையாச்சும் எறக்குவாக."