இத்தாலியில் முந்திரி ஏது?

அன்று மாலை ஐந்தே முக்கால் மணிக்கு என் மகள் பாதி தின்ற ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "ம்மா, நாக்கு நமநமங்குது" என்றாள். பாளையங்கோட்டையில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கடையின் வாசலில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். நடந்து சில மாதங்களாகிவிட்டன.

அவளுக்கு முந்திரிப்பருப்பு ஆகாது. சின்ன வயதில் ஒரு கல்யாண வீட்டுப் பாயசத்தில்தான் அது தெரியவந்தது. அன்றிலிருந்து வெளியே எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் சந்தேகப்படுவதே என் வேலை. எங்கள் பக்கம் விருந்தாளிக்கு மரியாதை என்றால் குருமாவில் முந்திரியை அரைத்து ஊற்றுவது. "கொஞ்சமாத்தான் போட்டிருக்கேன், சாப்பிடட்டும்" என்று அன்பாகச் சொல்பவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

அந்தக் கடைப் பலகையில் 'ஒரிஜினல் இத்தாலியன் பியாடினா' என்று எழுதியிருந்தது. தட்டையான ரொட்டியைக் கல்லில் சுட்டு, சீஸும் ஏதோ இலையை அரைத்த பச்சைச் சட்னியும் வைத்து மடித்துத் தருகிறார்கள். கல்லூரித் தோழிகள் எல்லாரும் தின்றாயிற்று என்று மகள் நச்சரித்ததால் போனோம். கடைக்காரர் முப்பது வயதுக்குள் இருப்பார். துபாயில் இத்தாலிய ஓட்டலில் வேலை பார்த்தவராம். எனக்கு அதிலேயே நம்பிக்கை இல்லை.

"தம்பி, இது நம்ம பரோட்டா மாவுதானே?"

"இல்லக்கா, இது வேற பக்குவம்."

"எண்ணெய்?"

"ஆலிவ் எண்ணெய்க்கா."

"பாமாயில் வாசம்லா அடிக்கி!"

பக்கத்து மேசையில் இருந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். "அண்ணாச்சி, இத்தாலி வண்டி தென்காசி வழியா வந்திருக்கும்வே!" என்றான் ஒருவன். கடைக்காரர் முகம் கறுத்துவிட்டது. "நான் அங்கன வருசக்கணக்கா இதத்தான் சுட்டேன். ஒரிஜினல்னா ஒரிஜினல்தான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் மகள் கேட்டாள். "அண்ணே, சட்னில முந்திரி இருக்கா?"

"இத்தாலில முந்திரி ஏதும்மா? பைன் கொட்டைல்லா போடுவாங்க."

மகள் போனில் தேடிப் பார்த்தாள். அப்படித்தான் போட்டிருந்தது. மாவையும் எண்ணெயையும் நம்பாத நான் அந்தப் பதிலை நம்பிவிட்டேன்.

நாக்கில் தொடங்கியது உதட்டுக்கு வந்தது. ஆட்டோவில் ஏறுவதற்குள் கண் இமைகள் தடித்துவிட்டன. "ஏட்டி, என்னப் பாரு, மூச்ச இழு" என்று கத்திக்கொண்டே போனேன். அவள் நெஞ்சில் விசில் ஊதுவதுபோல் சத்தம் வந்தது. மருத்துவமனையில் தொடையில் ஊசி போட்ட பிறகு அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஆனால் சில மணி நேரத்தில் திரும்பவும் வரலாம், இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர் அம்மா.

கடை ரசீதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, எந்த மருத்துவமனையில் இருக்கிறோம் என்று சொல்லி, சட்னியில் முந்திரி இருந்ததா என்று கேட்டேன். "முந்திரி இல்லக்கா, ஒரிஜினல்" என்றது கடைக்காரர் குரல். உடனே இணைப்பு அறுந்தது.

டாக்டர் சொன்னது அதைவிடப் பெரிய இடி. "முந்திரி இல்லைன்னா புதுசா வேற ஏதோ ஒத்துக்கலன்னு அர்த்தம். அது என்னன்னு தெரியாம நாளைக்குப் பிள்ளைக்கு என்னத்தக் குடுப்பீங்க?"

கோதுமையா? பாலா? அந்த இலையா? தினம் வீட்டில் சமைக்கிற ஒவ்வொன்றும் என் கண்ணுக்கு விஷமாகத் தெரிந்தது. ரொட்டி அசலா போலியா என்பது அதுவரை எனக்கு நையாண்டிக்குரிய விஷயம். இப்போது அவள் உயிரே அந்தப் பதிலில் தொங்கியது. கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு ஓடியிருப்பார் என்றே நினைத்தேன். திரும்ப அடித்தபோது போன் அணைந்திருந்தது.

இப்போதும் நான் சந்தேகப் பேர்வழிதான். ஆனால் எந்தக் கடையிலும் 'இது அசலா' என்று கேட்பதில்லை. என்ன போட்டிருக்கிறீர்கள் என்று மட்டும், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மெதுவாகக் கேட்கிறேன். நாலு பேர் சிரிக்கும்போது யாராலும் உண்மையைச் சொல்ல முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அன்று இரவே வார்டு வாசலில், மாவு படிந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மூச்சிரைக்க வந்து நின்றார் அந்தக் கடைக்காரர்.

"முந்திரிதான்க்கா. பைன் கொட்டைக்கு இங்கன நான் எங்க போவேன்? வெறும் இலைச் சட்னிய யாருக்கும் பிடிக்கல. அதான் குருமாக்கு அரைக்க மாதிரி முந்திரிய அரைச்சு ஊத்துதேன். அத்தன பேரு முன்னால மாவும் டூப்பு, எண்ணெயும் டூப்புன்னு நீங்க சொல்லும்போது, இதையும் ஒத்துக்கிட வாய் வரலக்கா. டாக்டர்ட்ட நானே சொல்லுதேன்... பிள்ள மூச்சு விடுதால்லா?"