வேப்பிலை நழுவிய சட்டி

என் வீட்டு விறாந்தைச் சுவரோரம் ஒரு கற்பூரச்சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே கரி, வெளியே மூன்று கோடு திருநீறு. அது என்னுடையதல்ல, சங்கீத ரீச்சருடையது. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த ஒரே பொருள் அதுதான். மற்றதெல்லாம், குரலும் நிறமும் பிள்ளைகளின் அன்பும், அவரிடமே இருந்தன.

பருத்தித்துறையில் ஒரே பள்ளிக்கூடத்தில் நான் உயிரியலும் அவர் சங்கீதமும் படிப்பித்தோம். ஆசிரியர் தினத்தில் அவர் கழுத்தில் மாலைகள் நிறையும், எனக்கு ஒரு பேனை கிடைக்கும். எனக்குப் பொறாமை. அதை வேறு பெயர் சொல்லி மூடத் தெரியவில்லை. பிறகு ஒரே வருடத்தில் இருவருக்கும் மார்பில் புற்றுநோய் வந்தது. ஒரே மருந்தைத்தான் ஏற்றினார்கள். நோயிலாவது சரிசமம் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. மூன்றாம் கீமோவுக்குப் பிறகு என் உள்ளங்கையும் உள்ளங்காலும் மிளகாய் பட்டதுபோல் எரிந்தன. போர்வை உரசினாலே நோகும். அவரோ, "எனக்கு ஒண்டும் நோகேல்லை ரீச்சர்" என்று சொல்லிக்கொண்டு செருப்பில்லாமல் முற்றத்தில் நடந்தார்.

ஏன் எனக்கு மட்டும் என்று டொக்டரிடம் கேட்டேன். அவர் மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றிச் சொன்னார். புரதம் செய்யப் போகும் செய்தியை வழியில் மறித்து வாயை அடைக்கிற மிகச் சிறிய இழை அது. இந்த மருந்து பட்டதும் நரம்புக் கலங்களில் அவற்றில் சில கூடும், சில குறையும். அடக்க வேண்டியது குறைந்துவிட்டால் நோவைக் கடத்தும் வாசல்கள் பெருகிவிடும். எலிகளில் கண்டிருக்கிறார்கள், மனிதரில் இன்னும் தேடுகிறார்கள், ஆளுக்காள் வேறுபடலாம் என்றார். உயர்தர வகுப்புக்கு ஆர்.என்.ஏ. படிப்பித்தவள் நான். ஆனாலும் எனக்கு அன்று விளங்கியது ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத அந்த இழைகூட அவருக்குத்தான் நல்லதாக வாய்த்திருக்கிறது.

சிகிச்சை முடிந்தால் அம்மாள் கோயில் தேருக்குப் பின்னால் கற்பூரச்சட்டி எடுப்பதாக இருவரும் நேர்ந்திருந்தோம். சட்டியின் அடியில் வேப்பிலை வைத்துத்தான் பிடிப்பது வழக்கம், இல்லாவிட்டால் கை வெந்துவிடும். அன்று வீதி மணல் கொதித்தது. முதல் மூலை திரும்பமுன்னரே நான் சட்டியை இறக்கிவிட்டுத் தண்ணீர்ப்பந்தலில் குந்திவிட்டேன். அவர் தேவாரம் பாடிக்கொண்டு நடந்தார். அவருடைய வேப்பிலை எங்கேயோ நழுவி விழுந்திருந்தது. எரியும் சட்டியை வெறுங்கையில் ஏந்தி, முகம் சுழிக்காமல் வந்தார். "அம்மாள் அவவோடை நிக்கிறா" என்று பக்கத்தில் நின்ற மனிசி கும்பிட்டாள். அம்மாளும் அவர் பக்கந்தான் என்று எனக்கு வயிறு எரிந்தது.

சட்டியை இறக்கியபோதுதான் கண்டேன். இரண்டு உள்ளங்கைகளும் வெந்து கொப்பளித்திருந்தன. அவர் கையைப் பார்க்கவேயில்லை, கற்பூரம் முழுதாக எரிந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் கையைத் திருப்பிக் காட்டினேன்.

"எப்ப தொடக்கம் ரீச்சர் இப்பிடி?"

"மூண்டாம் கீமோவோடை. தம்புராக் கம்பியும் விரலுக்குத் தெரியேல்லை." பிறகு என் கைகளைப் பார்த்தார். "உங்களுக்குச் சட்டி சுட்டதுதானே?"

"ஓம்."

"குடுத்து வைச்சனீங்கள்."

எனக்கு நோவு, அவருக்கு ஒன்றுமே உணராத விறைப்பு. ஒரே மருந்து செய்கிற வேலைதான் இரண்டும் என்று டொக்டர் பிறகு சொன்னார். ரீச்சரின் கை ஆற நெடுநாள் சென்றது. சட்டியைக் கண்ணில் காண ஏலாது என்று என்னிடமே விட்டுவிட்டார்.

இந்த வருடம் தேரன்று அவரே வந்து, அன்றைக்கு மட்டும் என்று அதைக் கேட்டார். வேப்பிலையை நூலால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். கற்பூரம் கொளுத்திக் கொஞ்சத் தூரம் நடந்ததும் சட்டியை என் பக்கம் நீட்டினார்.

"ஒருக்காத் தொட்டுச் சொல்லுங்கோ."

என் விரலின் பழைய எரிவு இன்னும் போகவில்லை. சூடு அதன்மேல் ஏற, வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "சுடுது ரீச்சர், கவனம்" என்றேன். அவர் சட்டியைப் பார்க்கவில்லை. சிவந்துபோன என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஆசிரியர் தினங்களில் அவர் கழுத்து மாலைகளை நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.