உலைக்குப் பொட்டு வைத்த நாள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆயுத பூஜை நாள். இடம், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்தில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளம். அங்கே நான் ஒப்பந்த ஆராய்ச்சியாளராக இருந்தேன். என் வேலை என்னவென்று யார் கேட்டாலும், "மண் உருண்டை பிடிக்கிறா" என்றுதான் என் கணவர் சொல்வார். கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

ஆக்லாந்தின் மேற்குக் கடற்கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே மணல் கன்னங்கரேல் என்று இருக்கும். காந்தத்தைக் காட்டினால் மீசை முளைத்தது போல ஒட்டிக்கொள்ளும். அத்தனையும் இரும்பு. அந்த நாட்டில் எஃகு செய்வதே அந்த மணலில் இருந்துதான். ஆனால் இரும்போடு டைட்டானியமும் கலந்திருப்பதால் அது லேசில் வழிக்கு வராது. நாங்கள் மணலை அரைத்து, கொஞ்சம் களிமண் சேர்த்து, சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, குழாய் போன்ற ஓர் உலைக்குள் வைத்துச் சூடாக்கி, அதற்கான வாயுவைச் செலுத்தி இரும்பாக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தோம். ஒவ்வொரு தடவையும் உருண்டை உப்பி, வெடித்து, பொடிப்பொடியாக வெளியே வந்தது. மாதக் கணக்காக இதே கூத்து.

இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது ஓர் உருக்காலை. அங்கிருந்து ஒரு பெண் பொறியாளர் நேரில் வந்து பார்த்து, திட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று சொல்வதாக ஏற்பாடு. அவர் குறித்த நாள்தான் ஆயுத பூஜை நாளாக அமைந்தது. திட்டம் நின்றால் என் வேலையும் நிற்கும். கணவரும் பொறியாளர்தான், ஆனால் போட்ட விண்ணப்பத்துக்கெல்லாம் 'உள்ளூர் அனுபவம் இல்லை' என்று ஒரே பதில். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். அதுவும் போனால் ஒனிஹங்கா பகுதியில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோயம்புத்தூருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கணவர் வீட்டார் கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள். முந்தின நாளே ஆரம்பித்துவிட்டார். "மெஷினுக்கு ஒரு பொட்டுகூட வெக்காம, உருண்டை உடையுது உருண்டை உடையுதுன்னு புலம்புனா எப்படி? நீ வெக்கிறியா, இல்ல நான் வந்து வெக்கட்டுமா?"

அவர் வந்தால் வினையே வேறு. திருஷ்டி கழிக்கவென்று கடையில் சாம்பல் நிறப் பூசணிக்காய் ஒன்றை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். நகரத்தின் நடுவில் குங்குமம் தடவின பூசணிக்காயைப் போட்டு உடைத்தால் போலீஸ்தான் வரும். அதனால் நானே வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எனக்கு அவ்வளவு பக்தி எல்லாம் கிடையாது. ஆனால் பயம் வந்தால் எல்லாம் தானாக வந்துவிடுகிறது.

காலையில் சீக்கிரமே போய், உருண்டைகளை உள்ளே வைத்து உலையை ஏற்றிவிட்டேன். சூடேறும்போது உள்ளே காற்றுப் புகக்கூடாது என்பது எங்கள் கட்டளை. அதற்காகக் குழாய்க்குள் நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்கும். உலையைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா. பையிலிருந்து விபூதி, குங்குமம், பூ, எலுமிச்சம்பழம், பொரி, சுண்டல் என்று நான் ஒவ்வொன்றாக எடுத்ததும் வாசலை ஒரு பார்வை பார்த்தார்.

"ஓம் பிள்ளை, நல்ல விசயந்தானே. ஆனா கெதியாச் செய்யும். பெரியவர் வந்திட்டாரெண்டா என்ன கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது" என்றார். பெரியவர் என்றால் எங்கள் பேராசிரியர். மழையிலும் அரைக்கால் சட்டை போடும் நியூசிலாந்துக்காரர். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

உலைக்கு மூன்று கோடு விபூதி. மீட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு குங்குமப் பொட்டு. உலை நின்ற வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். எல்லாம் ஜோராக முடிந்தது. கடைசியாகச் சுண்டுவிரல் நகம் அளவு கற்பூரத்தை ஏற்றித் தட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். தினமும் ஆயிரம் டிகிரி உலைக்கு வாயே திறக்காத தீ எச்சரிக்கை மணி, அந்தத் துளிக் கற்பூரத்துக்கு ஊரைக் கூட்டிவிட்டது!

மணி அடித்தால் கட்டடம் முழுவதும் வாயுக் குழாய்கள் தானாக அடைத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் சேரக் கூடாதென்று அண்ணா உலைக் குழாயின் மூடியைத் திறந்துவிட்டார். விதிப்படி அதுதான் சரி. அப்புறம் இருவரும் ஓட்டம். உலை மட்டும் தன் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருந்தது.

வெளியே தூறல். எல்லா மாடியிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்து நடைபாதையில் நின்றார்கள். அப்போதுதான் பார்க்கிறேன், பதற்றத்தில் தட்டைக் கீழே வைக்காமல் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். கற்பூரம் அணைந்துவிட்டது, குங்குமமும் பூவும் பொரியும் அப்படியே இருக்கின்றன. கீழே வைக்க இடம் தேடுவதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்று, உருக்காலைப் பெண்மணி இறங்கினார். ஆரத்தித் தட்டோடு நான். எனக்குப் பின்னால் வரிசையாக இருநூறு பேர் இருக்கலாம். அத்தனை பேரும் தன்னை வரவேற்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் பாவம்! நெஞ்சில் கை வைத்து நெகிழ்ந்து போய் நன்றி சொன்னார்.

"சுத்திவிடும் பிள்ளை. சம்பந்தி வந்தமாதிரியெல்லே நிக்கிறா" என்று அண்ணா காதுக்குள் சொன்னார். வேறு வழி? சுற்றினேன்.

தீயணைப்பு வீரர்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்களில் மூத்தவர், மீட்டர்களில் இருக்கும் சிவப்புப் புள்ளிகள் எந்த அபாயத்தின் குறி என்று கேட்டார். எல்லோர் முன்னிலையிலும் நான் ஆயுத பூஜையை விளக்க வேண்டி வந்தது. சாமி, கருவி, கற்பூரம் என்று நாக்குக் குழறச் சொல்லி முடித்தேன். வீரர் கொஞ்சம் பொரியை வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த தடவை முன்கூட்டியே போன் பண்ணச் சொல்லிவிட்டுப் போனார். கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியர், உருக்காலைப் பெண்மணியை உள்ளே அழைத்துப் போனார். வேலை போவது ஒரு பக்கம். இனிமேல் எத்தனை வருடத்துக்கு அந்தத் தேநீர் அறையில் என்னைச் சொல்லிச் சிரிக்கப் போகிறார்கள் என்பதுதான் இன்னும் அதிகமாகக் குடைந்தது.

திரும்பிப் போய்ப் பார்த்தால் உலைக்குள் தாராளமாகக் காற்றுப் புகுந்து, உருண்டைகள் செங்கல் நிறத்தில் கிடந்தன. எல்லாம் போச்சு. புதிதாக வைக்க நேரம் இல்லை. வந்தவர் வந்துவிட்டார், இருப்பதை வைத்தே ஓட்டு என்றார் பேராசிரியர். மூடியை மூடி, வாயுவைத் திறந்தோம். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

குளிர வைத்து வெளியே எடுத்தபோது முதலில் கத்தியது அண்ணாதான். "ஐயோ பிள்ளை, இஞ்ச பாரும், ஒண்டும் உடையேல்லை!" உருண்டைகள் முழுசு முழுசாக இருந்தன. ஒன்றை அறுத்துப் பார்த்தால் உள்ளே பளபளவென்று இரும்பு. உருக்காலைப் பெண்மணி எழுந்தே வந்துவிட்டார். இதுவரை செய்ததிலிருந்து இன்றைக்கு எதை மாற்றினீர்கள் என்று கேட்டார்.

பேராசிரியர் எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போனார். மூன்று மாற்றங்கள் என்று எழுதினார். முதல் வரி, பூஜை. இரண்டாவது, மணி. மூன்றாவது, காற்று. என் முகம் சிவந்துபோனது, கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. மூன்றில் எது காரணம் என்று நமக்குத் தெரியாது, ஒவ்வொன்றாகத் தனியே செய்து பார்க்க வேண்டும், சங்கடமாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை விட்டுவிட்டால் அது ஆராய்ச்சி இல்லை என்றார். அதற்காகக் கொஞ்சம் அவகாசம் கேட்டார். வந்தவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் நடந்தது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. அனுமதி வாங்கி, எச்சரிக்கைக் கருவிக்குக் குளியல் தொப்பி மாட்டிவிட்டு, பூஜையை மட்டும் மறுபடி செய்தோம். பேராசிரியர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். எலுமிச்சம்பழம் அன்றைக்கு இடது சக்கரத்திலா வலது சக்கரத்திலா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். கற்பூரம் அதே அளவா என்றும் கேட்டார். உருண்டை பொடியாகத்தான் வந்தது. சாமிக்காக எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சாமிக்கே பரீட்சை வெக்கிறீங்களாடி?" என்று காலையில் குதித்த கணவர், சாயங்காலம் முடிவைக் கேட்டதும், "ராகு காலத்துல வெச்சிருப்பீங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்புறம் மணியை மட்டும் அடித்தோம். பயிற்சி என்று சொல்லிக் கட்டடம் முழுவதையும் மறுபடி மழையில் நிறுத்தியதற்கு எங்களை முறைக்காத ஆளே இல்லை. அதுவும் பொடி. கடைசியாக, பூஜையும் இல்லாமல் மணியும் இல்லாமல், சூட்டில் காற்றை மட்டும் உள்ளே விட்டோம். உருண்டைகள் குண்டு குண்டாக வந்தன. முதலில் காற்றில் வெந்தால் உருண்டையின் உள்ளமைப்பு மாறிவிடுகிறது, அதற்குப் பிறகு வாயுவுக்கு அது உப்புவதில்லை. மாதக் கணக்காக அந்தக் காற்றைத்தான் உள்ளே விடாமல் காவல் காத்திருக்கிறோம்! தேடிப் பார்த்தால், வேறு நாட்டில் யாரோ இதை முன்பே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

"அப்ப வாயு பகவானுக்கெல்லோ பொங்கி இருக்கவேணும்" என்றார் அண்ணா.

திட்டம் நீடித்தது. வாடகை வீடும் நிலைத்தது. அறிக்கை எழுதும்போது பேராசிரியர் என் மேசைக்கு வந்து, பூஜைச் சோதனையையும் அதில் சேர்க்கலாமா, அது என்னைப் புண்படுத்துமா என்று கேட்டார். சேருங்கள் என்றேன். 'பூஜை: விளைவு எதுவும் இல்லை' என்று மற்ற இரண்டு சோதனைகளோடு அதுவும் ஒரு வரியாக அச்சானது. அதைப் பார்த்துக் கணவர் முணுமுணுத்தார். நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வருத்தத்தில் அழவில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ பேர் என் சாமியையும் பொட்டையும் பார்த்து, புரிந்தவர்கள் போல இனிமையாகச் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். துளிகூட நம்பாத ஒரு மனிதர் மட்டும் சிரிக்காமல் பக்கத்தில் நின்று, பழம் எந்தச் சக்கரத்தில் என்று கேட்டு அதைச் சோதித்துப் பார்த்தாரே, அதைவிடப் பெரிய மரியாதையை இதுவரை யாரும் எனக்குச் செய்ததில்லை.