வாய் வழியே ஏறிய பாட்டில்கள்

டாக்டர் சாதிக் காலமான செய்தியைத் தொலைபேசியில் சொன்னவர், நம் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்த ரெஜினா. "காலையில நெஞ்சு வலின்னு உக்கார்ந்தாராம் சார். அவ்ளோதான்." என்னால் நம்ப முடியவில்லை. அந்த மனிதரை நெருங்க வேண்டுமென்றால் எமனே எருமையை வாசலில் கட்டிவிட்டு, ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்றிருக்க வேண்டும். எப்படியோ வரிசையைத் தாண்டி உள்ளே நுழைந்துவிட்டான்.

அடக்கத்துக்கு வந்திருந்த, ஆவடி ஆஸ்பத்திரியில் எங்களோடு வேலை பார்த்த உங்களில் யாரோடும் என்னால் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் படித்த வைத்தியத்தைக் கரையான்சாவடித் தெருத் தமிழில் பார்த்தவர் சாதிக். ஆவடியில் நின்று அவர் "சிஸ்டர்" என்று அழைத்தால் நாலைந்து ஸ்டேஷன் தள்ளி வேப்பம்பட்டில் ரயில் நின்றுவிடும். டிரைவர் இறங்கி வந்து, "கூப்ட்டீங்களா சார்?" என்று கேட்பார். குரல் அப்படி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாந்திபேதி பரவிய அந்தக் கோடை உங்களுக்கு மறந்திருக்காது. கட்டில் தீர்ந்தது, பெஞ்சு தீர்ந்தது, தரையும் தீர்ந்தது. அடுத்து வருகிறவர்களைச் சுவரில் ஆணியடித்து மாட்டலாமா என்று நான் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஜனங்களுக்கோ இரண்டே வேதங்கள். பேதியாகிறவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. பாட்டில் ஏற்றினால்தான் வைத்தியம். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை டம்ளரில் நீட்டினால் எங்களைக் கொலைகாரர்களைப் போலப் பார்த்தார்கள்.

ஒரு மத்தியானம் சேக்காட்டிலிருந்து ஒரு தையல்காரர் தன் மனைவியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவளுக்குக் கண் குழிந்திருந்தது. திட்டிக்கொண்டிருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாதிக் போய்த் தொட்டுப் பார்த்தார்; மணிக்கட்டில் நாடி தட்டுப்படவில்லை. சலைன் பாட்டில்கள் அடுத்தடுத்து வேகமாக ஏறினால் பிழைப்பாள். கையிருப்பில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. அதன் மேல் கை வைத்தபடி ஒரு ஆட்டோக்காரர்.

"டாக்டரு, மொதல்ல எங்க அண்ணனுக்கு. காலைலேர்ந்து குந்திகினு கீறோம்."

"உங்க அண்ணன் என்னைத் திட்டுறாரா?" என்று கேட்டார் சாதிக்.

"நல்லாவே திட்டுறாரு."

"அப்ப நாக்குல ஈரம் கீது நைனா. அவருக்கு வேற பாட்டில் வச்சிக்கீறேன்."

காலியான பாட்டில்களைக் கழுவி, அண்டாவில் காய்ச்சி ஆறவைத்திருந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரை நிரப்பச் சொன்னார். ரெஜினா நிரப்பினார். சாதிக் ஒன்றை ஸ்டாண்டில் மாட்டி, ஊசியில்லாத டியூபின் நுனியை அண்ணனின் வாயில் வைத்தார். பொய் சொல்லவில்லை, வார்டு முழுவதும் கேட்கும்படி அறிவித்தார்: "இது உப்பு, சக்கர, தண்ணி. வாய் வழியா ஏத்துறோம். நரம்பு வழியா போறதும் இதே ஊருக்குத்தான் போவுது."

அண்ணன் ஒரு மிடறு குடித்தார். திட்டுவதற்காக டியூபை எடுத்தவர், திட்டாமல் மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். பெஞ்சிலிருந்த எல்லோரும் "நமக்கும் ஒண்ணு மாட்டுப்பா" என்றார்கள். ஸ்டாண்டுகள் போதாமல் ஜன்னல் கம்பி, மின்விசிறிக் கொக்கி என்று பாட்டில்கள் தொங்கின. அப்படியொரு தோரணம் எந்தத் தேர்த் திருவிழாவிலும் கட்டியிருக்க மாட்டார்கள். ஆட்டோக்காரர் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். எடுத்தவர், பெட்டியைத் தானே தூக்கிவந்து தையல்காரர் மனைவியின் காலடியில் வைத்தார்.

எனக்கு ரத்தக்குழாய் அகப்படவில்லை. "நாடியே இல்லப்பா" என்றேன்.

"இல்லேன்னா தேடு. ஆளு கீதுல்ல?" என்றார் சாதிக்.

தேடினோம். ஒரு கையில் அவர், மறு கையில் நான். இரண்டிலும் முழு வேகத்தில் திறந்துவிட்டோம். பெட்டி காலியாகும் தறுவாயில் அவள் உதடு அசைந்தது. தையல்காரர் பயந்து பயந்து கேட்டார்: "டாக்டரு, தண்ணி கேக்குறா. குடுக்கலாமா?"

"குடு நைனா. செம்பரம்பாக்கம் ஏரி பத்தலேன்னா சொல்லு, புழலைத் தொறந்து வுடச் சொல்றேன்."

அவ்வளவு இரைச்சலில் அவளை எப்படி முதலில் கவனித்தாய் என்று பிறகு கேட்டேன். "கத்துறவன் கைல உசுரு கீதுப்பா. கத்தாதவங்கதான் நம்ம கைல கீறாங்க" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். அடக்கம் முடிந்து நேராக அம்பத்தூரில் என் கிளினிக்குக்குத்தான் போனேன். காத்திருந்த கூட்டம் என்னைத் திட்டித் தீர்த்தது. அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர் வாய் திறவாமல் சுவரில் சாய்ந்திருந்தார். "கொஞ்சம் வழி விடுங்க" என்று எல்லோரையும் விலக்கிக்கொண்டு அவரிடம் போய் மணிக்கட்டைப் பிடித்தேன்.